ரெண்டாம் வகுப்புக் கடை

கண்டக்டரம்மாவுக்குக் கோபமே வராது என்றுதான் அந்த ரூட்டில் போய்வருகிறவர்கள் எல்லோரும் நினைத்திருந்தார்கள். படிக்கட்டில் தொங்கிக்கொண்டு உள்ளே வர மாட்டேன் என்கிறவனிடமும், பெரிய நோட்டை நீட்டிவிட்டுச் சில்லறைக்காக வள்ளென்று விழுகிறவரிடமும், "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை" என்று பின்சீட்டில் முனகுகிறவரிடமும் ஒரே குரல்தான். "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் காலியாத்தான் இருக்கு." அந்தக் குரல் டிரைவரைத் தாண்டிப் போய் முன்கண்ணாடியில் மோதித் திரும்பும். ஆனால் அதில் சூடு இருக்காது.

சூடு வீட்டுக்குப் போகும். தோளில் மாட்டிய பையைக் கழற்றி ஆணியில் மாட்டின கையோடு பாத்திரங்கள் உருள ஆரம்பிக்கும். புருஷன் பெயிண்டர், சாந்தமான ஆள். டர்பன்டைன் போட்டு விரல் இடுக்கைத் துடைத்துக்கொண்டே, "இன்னைக்கு யாரும்மா?" என்று கேட்பார். அவள் அந்த ஆளை மாதிரியே நடித்துக் காட்டி, பஸ்ஸில் சொல்லாமல் விழுங்கினதை எல்லாம் கொட்டித் தீர்ப்பாள். அவர் சிரிப்பார். மகள் கைதட்டுவாள். அதோடு சரி. இப்படியே பல வருஷம் ஓடிவிட்டது.

அந்தக் கோபம் வீட்டு வாசலைத் தாண்டி வெளியே போனது, மகளின் வகுப்பில் ஷட்டர் விழுந்த அன்றைக்கு.

வகுப்பில் ஏது ஷட்டர் என்று கேட்கலாம். அந்தப் பகுதியின் ஆரம்பப் பள்ளிக்கு ஒரு பழைய கட்டடம் இருந்தது. சுவரில் விரல் நுழைகிற மாதிரி வெடிப்பு விட்டு, ஆபத்து என்று சொல்லி இடித்துவிட்டார்கள். புதுசு கட்டுகிற வரைக்கும், ஒரே ஒரு வருஷத்துக்கு மட்டும் என்று மார்க்கெட்டின் பின்வரிசைக் கடைகளுக்குப் பள்ளிக்கூடத்தை மாற்றினார்கள். பின்பக்கம் யாரும் சாமான் வாங்க வருவதில்லை என்று எந்த வியாபாரியும் எடுக்காமல் விட்ட கடைகள் அவை. இடித்தபோது கண்டக்டரம்மா நிறைமாதம். வயிற்றில் இருந்த பிள்ளை பிறந்து, தவழ்ந்து, பேசி, பள்ளிக்கூடம் போகிற வயசுக்கும் வந்துவிட்டது. அந்த ஒரு வருஷம் மட்டும் இன்னும் முடியவில்லை.

வகுப்புக்கு ஒரு கடை. பிள்ளைகள் "நீ எந்தக் கிளாஸ்?" என்று கேட்டுக்கொள்வதில்லை. "நீ எந்தக் கடை?" "நான் மூணாங்கடை. எங்க அண்ணன் அஞ்சாங்கடை." முதலில் பெற்றவர்களுக்கே சிரிப்பாகத்தான் இருந்தது. மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் ஷட்டர். கடைக்கு யார் ஜன்னல் வைப்பார்கள்? வெளிச்சமும் காற்றும் ஷட்டர் வழியாக வந்தால்தான் உண்டு. அதே வழியாகத்தான் எதிர்வரிசைக் கோழிக்கடையின் இறகும், லோடு ஆட்டோவின் புகையும் வந்தன. தலைமை ஆசிரியை, பிள்ளைகளுக்குப் 'பெரிய டீச்சர்', மாடிப்படிக்கு அடியில் மூட்டை போடுகிற இடத்தில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்தால் தலை இடிக்கும்.

கழிப்பறை மார்க்கெட்டுக்கு என்று பொதுவாக இருந்தது. டீச்சர் பெண் பிள்ளைகளை மொத்தமாகக் கூட்டிப் போய், தான் வாசலில் காவல் நிற்பார். கண்டக்டரம்மாவின் மகள் காலையில் கொண்டுபோன தண்ணீர் பாட்டிலைச் சாயங்காலம் அப்படியே திருப்பிக் கொண்டுவருவாள். "ஏண்டி குடிக்கல?" என்று கேட்டதற்கு, "குடிச்சா போகணும்மா. அங்க மாமாங்க எல்லாம் நிப்பாங்க" என்றாள். ஏழு வயசுப் பிள்ளை கண்டுபிடித்த வழி அது. அன்றைக்கே கண்டக்டரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்த எரிச்சலும் பாத்திரத்தை உருட்டியதோடு அடங்கிப் போனது.

ஷட்டர் விழுந்தது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. ஆள் பற்றாக்குறையில் ஒரே ஒரு இளைய டீச்சர்தான் ரெண்டாம் கடைக்கும் மூணாம் கடைக்கும். அவள் மூணாம் கடைக்குள் கால் வைத்த நேரம், மேலே ஸ்பிரிங் அறுந்து ரெண்டாம் கடை ஷட்டர் தடதடவென்று இறங்கித் தரையில் மோதியது. மின்சாரமும் அப்போது இல்லை. உள்ளே கும்மிருட்டு. எதிரே கோழிக்கடைக்காரர் கேஸ் சிலிண்டர்தான் வெடித்துவிட்டது என்று கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். பிறகுதான் பிள்ளைகளின் அலறல் கேட்டது. ஷட்டர் ஒரு பக்கம் சாய்ந்து சிக்கிக்கொண்டதால் தூக்க வரவில்லை. மூட்டை தூக்குகிறவர்கள் கூடி, கடப்பாறை கொடுத்து நெம்பி, ஒரு பிள்ளை படுத்துத் தவழ்கிற அளவுக்கு இடைவெளி உண்டாக்கினார்கள். கோழிக்கடைக்காரர் தரையில் படுத்து, கையை உள்ளே விட்டு, கிடைத்த காலையும் கையையும் பிடித்து ஒவ்வொன்றாக இழுத்து வெளியே போட்டார். கடைசியாக வந்தது கண்டக்டரம்மாவின் மகள். சத்தத்துக்குப் பயந்து மூலைக்குப் போய் பெஞ்சுக்கு அடியில் ஒண்டிக்கொண்டிருந்தவளை, ஒல்லியான லோடுமேன் ஒருவன் உள்ளே தவழ்ந்துபோய்த்தான் எடுத்துவர வேண்டியிருந்தது.

தாய்க்கு விஷயம் தெரிந்தது கடைசி ஸ்டாப்பில். டைம்கீப்பர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "பாப்பாவுக்கு ஒண்ணுமில்லையாம், பயப்படாத" என்று ஆரம்பித்தார். பயப்படாதே என்று ஆரம்பித்தால் எந்தத் தாய்க்குத்தான் பயம் வராது? மாற்று ஆள் இல்லை. திரும்புகிற ட்ரிப்புக்கு ஏறி உட்கார்ந்துவிட்ட ஜனங்களை விட்டுவிட்டுப் போக முடியாது. அந்த ட்ரிப்பில் யாருக்கு எந்த டிக்கெட்டைக் கிழித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

போய்ப் பார்த்தபோது மகள் பெரிய டீச்சர் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். பாவாடை ஈரம். யாரோ ஒரு துண்டைச் சுற்றிவிட்டிருந்தார்கள். அழவில்லை.

"அம்மா, நான் கத்தினேம்மா. எல்லாரும் கத்தினாங்களா, அதனால என் சத்தம் யாருக்கும் கேக்கல."

பெரிய டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "பெருசு பண்ணிடாதீங்கம்மா. எம்மேலதான் வந்து விழும்."

மறுநாள் காலையில் கல்வி அதிகாரி வந்தார். கண்டக்டரம்மா லீவு போட்டுவிட்டு அங்கேயே நின்றிருந்தாள். அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கி, கோழி இறகில் கால் படாமல் எட்டி எட்டி வைத்து வந்து, ஷட்டரை அண்ணாந்து பார்த்தார்.

"டைட்டா இருந்திருக்கு, அவ்வளவுதான். ஸ்பிரிங்கை மாத்தி, ஷட்டருக்கு கிரீஸ் போடச் சொல்றேன்."

"என்ன போடச் சொல்றீங்க?" என்றாள் கண்டக்டரம்மா.

"கிரீஸ்மா."

முன்கண்ணாடி வரைக்கும் போய்த் திரும்புகிற அந்தக் குரலில் முதல்முறையாகச் சூடு ஏறியது. முன்வரிசை மார்க்கெட்டில் பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கிரீஸா? எம்புள்ள இருட்டுல மூத்திரம் போயி மூலையில ஒண்டிக் கெடந்திருக்கா. அதுக்குக் கிரீஸா? உங்க புள்ள உள்ள மாட்டியிருந்தா கிரீஸ் டப்பாவோடதான் வந்திருப்பீங்களா?"

"டென்ஷன் ஆகாதீங்கம்மா. கட்டடம் வரும். புரபோசல் மேல போயிருக்கு."

"எந்த பஸ்ல போயிருக்கு? நான் கண்டக்டர் சார், ரூட்டைச் சொல்லுங்க. எந்த ஸ்டாப்புல எறங்கித் தூங்குதுன்னு நான் விசாரிச்சுச் சொல்றேன். இவ வயித்துல இருந்தப்ப கெளம்பினது, இன்னுமா போய்ச் சேரல?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதிகாரியின் முகம் சிவந்தது. ஜீப்பில் ஏறும்போது, கண்டக்டர் என்று அவளே சொன்னதைப் பிடித்துக்கொண்டு, "நீங்களும் கவர்மெண்ட் சம்பளம் வாங்குறவங்கதான். பாத்துப் பேசுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் கோழிக்கடையைக் கழுவிவிட்ட பிறகு, அந்த ஈரத்தரையிலேயே பெற்றவர்கள் கூடினார்கள். தராசை ஓரமாக வைத்துவிட்டுக் கோழிக்கடைக்காரர் எல்லோருக்கும் ஸ்டூல் போட்டார். கோபம் எல்லோருக்கும் இருந்தது. என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. கண்டக்டரம்மா கேட்டாள், "மொதல்ல எடம் வேணுமே, எடம் எங்க இருக்கு?"

ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். கடைசியில் தையல்காரக்காதான் வாயைத் திறந்தாள். பள்ளிச் சீருடை தைத்தே கண்ணாடி போட்டுக்கொண்ட பெண் அவள்.

"எடமெல்லாம் இருக்குடியம்மா. பழைய பள்ளிக்கூடம் இருந்த எடம் எங்கயும் ஓடிப்போகல. உங்கண்ணன் லாரிங்கதான் அதுல நிக்குது."

கண்டக்டரம்மாவுக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. லாரிகள் நிற்பது அவளுக்குத் தெரியாததா? தினமும் அந்த வழியாகத்தான் டெப்போவுக்குப் போகிறாள். முறையாக வாடகைக்கு எடுத்திருப்பதாக அண்ணன் சொல்லியிருந்தார்; அவளும் கேள்வி கேட்கவில்லை. கவுன்சிலர் "சும்மாதானே கெடக்கு, நிறுத்திக்க" என்று வாய்வார்த்தையாக விட்டது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அண்ணன் என்றால் லேசுப்பட்ட அண்ணன் இல்லை. அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்தவர். அப்போது அவரே அடுத்தவன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். கண்டக்டர் வேலைக்கு அவள் தயங்கியபோது, "நீ போடி, எவன் என்ன சொல்றான் பாக்கலாம்" என்று தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போய்த் தேர்வுக்கு விட்டவர். இப்போது சொந்தமாக லாரிகள். தங்கச்சி மகள் என்றால் உயிர்.

அவள் போனபோது அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணி பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"வாடி கண்டக்டர். உக்காரு, சாப்பிடு."

"சாப்பிட வரலண்ணே. வண்டியை எடு."

"எந்த வண்டியை?"

"எல்லா வண்டியையும். பள்ளிக்கூடத்து எடத்துலேர்ந்து."

அண்ணன் கையை உதறினார். "யாருடி சொல்லி அனுப்பினது?"

"பாப்பா மூலையில கெடந்தாளே, அது சொல்லி அனுப்பிச்சுது."

"பாப்பாவுக்கு நடந்ததை நெனைச்சா எனக்கும் சோறு எறங்கல. அவளை நல்ல பள்ளிக்கூடமாப் பாத்து மாத்து. செலவை நான் பாத்துக்கறேன்."

"மத்த புள்ளைங்க?"

"ஊருப் புள்ளைங்களுக்கு எல்லாம் நானா அப்பன்?"

"ஊருப் புள்ளைங்க எடத்துலதானே உன் லாரி நிக்குது."

அண்ணன் எழுந்துவிட்டார். "நான் எடுத்துட்டா நாளைக்கே கட்டடம் மொளைச்சுருமா? இன்னொருத்தன் வந்து ஜல்லியக் கொட்டுவான். நான் மட்டும் இளிச்சவாயனா?"

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"நீ நிறுத்தியிருக்கேன்னு சொல்லி அவங்க கட்டல. அவங்க கட்டலைன்னு சொல்லி நீ நிறுத்தியிருக்க. நீங்க ரெண்டு பேரும் இப்படி மாத்தி மாத்திக் கைகாட்டிக்கிட்டு இருந்தீங்கன்னா, எம்புள்ள அந்தக் கடையிலயே கெழவியாயிடுவா."

"உன்னை ஆளாக்கினது யாருன்னு மறந்து போச்சா?"

"மறக்கல. அதான் மொதல்ல இங்க வந்தேன். மறந்திருந்தா நேரா ஆபீசுல போயி புகார் குடுத்திருப்பேன்."

"அப்ப அங்கயே போ. இனிமே இந்தப் படி ஏறாத."

அண்ணி வாசல்வரை ஓடிவந்தாள். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வீட்டில் பெயிண்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மச்சான்கிட்ட இப்படிப் போயிருக்க வேணாம்மா" என்றார். அவ்வளவுதான், அவள் சீறினாள். "நீங்களும் அவரு பக்கந்தானா?" பெயிண்டர் தலையை ஆட்டினார். "பேசினது தப்புன்னு சொல்லல. தனியாப் போயிருக்க வேணாம்னு சொல்றேன். என்னைக் கூப்பிட்டிருந்தா நானும் வந்திருப்பேன்ல?" அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு நடையாய் நடந்தார்கள். அதிகாரியின் ஆபீசுக்குப் போனால் அவர் நாற்காலியில் துண்டு மட்டும் உட்கார்ந்திருக்கும். "மீட்டிங்", "இன்ஸ்பெக்ஷன்", "இப்பதான் கெளம்பினார்." கவுன்சிலர் வீட்டில் எல்லோருக்கும் டீ கொடுத்தார். "எனக்கும் அந்த ஸ்கூல்தான்மா உசுரு" என்றார். டீ நன்றாகத்தான் இருந்தது.

இதற்கிடையில் ஷட்டர்களைச் சரிபார்க்க ஆள் வந்தான். அதிகாரி சொன்ன வாக்கைக் காப்பாற்றினார்: அஞ்சு கடைக்கும் அள்ளி அள்ளி அப்பியிருந்தது கிரீஸ். வெயில் ஏற ஏற அது உருகி இரண்டு பக்கமும் வழிந்தது. போகிற பிள்ளை வருகிற பிள்ளை எல்லாம் அதில் உரசினார்கள். சட்டை, பாவாடை, புத்தகப் பை, நோட்டு எல்லாவற்றிலும் கறுப்பு. தாய்மார்கள் சோப்புப் போட்டார்கள், மண்ணெண்ணெய் போட்டார்கள், வெந்நீரில் ஊற வைத்தார்கள். கை தேய்ந்ததுதான் மிச்சம். தையல்காரக்காவிடம் புதுச் சீருடை கேட்டு ஆள்மேல் ஆள் வந்தார்கள். அவள் மெஷினை நிறுத்திவிட்டுக் கறைபட்ட சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு நேரே கண்டக்டரம்மா வீட்டுக்கு வந்தாள்.

"இன்னும் எத்தனை நாளைக்குத் தொவைச்சுக்கிட்டே இருக்கறது? எனக்கு வியாபாரம்தான், நான் கணக்குப் பாத்தா சந்தோஷப்படணும். வயிறு எரியுதுடி. போதும். பெஞ்சைத் தூக்கு, போவோம்."

"எங்கக்கா?"

"எங்கயா? பள்ளிக்கூடத்துக்குத்தான்."

திங்கட்கிழமை காலையில் கோழிக்கடைக்காரரின் லோடு ஆட்டோவில் பெஞ்சுகள் ஏறின. பெரிய டீச்சர் கையைப் பிசைந்தார். "எனக்கு இன்னும் கொஞ்ச வருஷம்தாம்மா சர்வீஸ். என் பொழப்புல மண்ணைப் போட்டுடாதீங்க." யாரும் அவரை வற்புறுத்தவில்லை. அவர் சாக்பீஸ் டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போகிறவர் மாதிரி வெளியே போய்விட்டார். டப்பாவை இளைய டீச்சர் எடுத்துக்கொண்டாள்.

பழைய இடத்தில் லாரிகள் வரிசையாக நின்றன. தரையெல்லாம் எண்ணெய்த் திட்டு, கிழிந்த டயர், உடைந்த பாட்டில். பழைய கட்டடத்தின் வாசற்படி மட்டும் எங்கேயும் போய்ச் சேராமல் அப்படியே இருந்தது. அப்பாக்கள் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினார்கள், அம்மாக்கள் பெருக்கினார்கள், லாரிக்கும் லாரிக்கும் நடுவே நிழல் பார்த்துப் பெஞ்சுகளைப் போட்டார்கள். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். "நாங்க பச்சை லாரி! நீங்க ஆரஞ்சு லாரி!" இளைய டீச்சர் ஒரு லாரியின் பின்கதவைத் துணியால் துடைத்து, அதிலேயே வாய்ப்பாடு எழுத ஆரம்பித்தாள்.

லாரி எடுக்க வந்த சொட்டை டிரைவர் சாவியும் கையுமாகத் திகைத்து நின்றார். அவர் பையன் நாலாவது படிக்கிறான். முன்சக்கரத்துக்கு நேராக உட்கார்ந்து அப்பாவைப் பார்த்துக் கையாட்டினான். டிரைவர் போனை எடுத்தார். "மொதலாளி, எம்பையன் வண்டிக்கு முன்னாடி உக்காந்து பாடம் படிக்கிறான். நான் எப்படி எடுக்கறது?"

அண்ணன் மோட்டார் சைக்கிளில் பறந்துவந்தார். தங்கச்சியைப் பார்த்தார். டிரைவர் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு பச்சை லாரியில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினார். இஞ்சினைக் கிளப்பி முறுக்கினார். வண்டி நகரவில்லை, பயமுறுத்தத்தான். ஆனால் அந்த உறுமலில் தரை அதிர்ந்தது. கரும்புகை பெஞ்சுகள்மேல் கவிந்தது. பிள்ளைகள் அலறிக்கொண்டு எழுந்தார்கள். கண்டக்டரம்மாவின் மகள் மட்டும் எழுந்து ஓடவில்லை. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்ச் சுருண்டாள்.

"ஹோல்டான்!"

ஓடுகிற பஸ்ஸை நிறுத்துகிற குரல். இஞ்சின் சத்தத்தை அது வெட்டிக்கொண்டு போனது. அந்த வார்த்தைக்கு எத்தனையோ வருஷம் வண்டி ஓட்டிய கை தானாகவே கட்டுப்பட்டதோ என்னவோ, அண்ணன் சாவியைத் திருப்பிவிட்டார்.

"எறங்குண்ணே. எறங்கி வந்து பாரு. அன்னைக்கு அவ எப்படிக் கெடந்தான்னு நீ பாக்கலல்ல? இதோ, இப்படித்தான் கெடந்தா. நல்லாப் பாத்துக்க. அன்னைக்கு விழுந்தது ஷட்டரு. இன்னைக்குப் பண்ணினது யாரு?"

அண்ணன் இறங்கினார். பெஞ்சுப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "பாப்பா... மாமாடா. மாமாதான். வெளிய வா." மகள் இன்னும் உள்ளே நகர்ந்தாள். அவர் நீட்டிய கையைப் பிடிக்கவில்லை. அவர் கை கொஞ்ச நேரம் அப்படியே அந்தரத்தில் நின்றது. பிறகு எழுந்தார். தங்கச்சியைப் பார்த்த பார்வையில் மன்னிப்பும் இல்லை, சமாதானமும் இல்லை. "இதுக்குத்தானே நீ புள்ளைய இங்க கொண்டாந்து உக்கார வெச்ச" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

அந்தச் சொல் அவளுக்குள் முள்ளாக இறங்கியது. அப்படித்தானா என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டாள். இல்லை என்று பதில் வந்தாலும் முள் வெளியே வரவில்லை. அவள் மண்டியிட்டு மகளை வெளியே எடுத்து, புகை படிந்த முகத்தைத் துடைத்தாள்.

மதியம் பிள்ளைகள் சாப்பிடப் போன நேரத்தில் லாரிகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கி வெளியேறின. அண்ணனே திரும்பி வந்து, நின்று வழி சொல்லி எடுக்க வைத்தார். ஒரு லாரியின் பின்கதவில் ஏழாம் வாய்ப்பாடு பாதியோடு போனது.

அதற்குள் பெரிய டீச்சர் வந்து சேர்ந்திருந்தார், வியர்த்து விறுவிறுத்து, கையில் வருகைப் பதிவேட்டோடு. "அட்டெண்டன்ஸ் எடுக்கணும்ல" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

திரும்பிக் கடைக்குப் போக மாட்டோம் என்று பெற்றவர்கள் தார்ப்பாய் கட்டிவிட்டார்கள். வெயிலும் தூறலுமாக அதற்கடியில்தான் பள்ளிக்கூடம் நடந்தது. வேலைக்குப் போகிறவர்கள் முறை வைத்துக் காவல் இருந்தார்கள். அதிகாரி வந்தார், இந்த முறை கிரீஸைப் பற்றிப் பேசவில்லை. கவுன்சிலர் மைக் பிடித்து, லாரிகளை எடுக்கச் சொன்னதே தான்தான் என்றார். கோழிக்கடைக்காரர் சத்தமாகத் தும்மினார். ஒருவழியாக உத்தரவு வந்தது, அடிக்கல் நாட்டினார்கள்.

அதே வாரம் கண்டக்டரம்மாவுக்கும் ஒரு உத்தரவு வந்தது. 'நிர்வாகக் காரணங்களுக்காக' தூரத்து டெப்போவுக்கு மாற்றல். இனிமேல் மகள் எழுந்திருக்கும் முன்னால் கிளம்ப வேண்டும். திரும்பும்போது அவள் தூங்கிப்போயிருப்பாள். டெப்போ மேனேஜர், "நான் என்னம்மா செய்யறது, மேலேர்ந்து வந்தது" என்றார். அவள் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். போட்ட வேகத்தில் காகிதம் கிழிந்தது.

கட்டடம் ஒரேயடியாக வந்துவிடவில்லை. காண்டிராக்டர் ஒரு தடவை ஓடிப்போனார், பிடித்து வந்தார்கள். இன்னொரு தடவை சிமெண்டு வரவில்லை. ஐந்து அறை என்று சொன்னது மூன்றாகச் சுருங்கி நின்றது. மாடி 'அடுத்த கட்டத்தில்' என்றார்கள். மொட்டை மாடியில் கம்பிகள் மட்டும் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. திறப்பு விழா நடந்தபோது மகள் ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். அந்தக் கட்டடத்தில் அவள் உட்கார்ந்து படித்தது சில மாசம்தான். வாசல் கல்வெட்டில் கவுன்சிலர் பெயர், அதிகாரி பெயர், காண்டிராக்டர் பெயர். பெற்றவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. அன்றைக்குக் கண்டக்டரம்மா வேறு ஊர்ச் சாலையில் ஜனங்களை உள்ளே போகச் சொல்லிக் கொண்டிருந்தாள்.

ஜன்னல்களுக்குப் பெயிண்ட் அடித்தது அவள் புருஷன். கூலிக்குத்தான் அடித்தார், ஆனால் ஒரு பூச்சுக்கு இரண்டு பூச்சு. "பெரிய ஜன்னல்மா, வகுப்புக்கு நாலு. காத்து பிச்சுக்கிட்டு வருது" என்று அவர் சொன்னதை நம்பாமல், வார லீவு நாளில் தானே போய்ப் பார்த்தாள். ஜன்னல் இருந்தது. காற்றும் வந்தது. ஒரு நிமிஷம் நின்று அனுபவித்தாள். பிறகு கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். சர்ரென்று காற்றுதான் வந்தது. அங்கிருந்தே ஆபீசுக்கு நடந்தாள். புது அதிகாரிக்கு அவளைத் தெரியாது. வாசலில் இருந்த பியூனுக்குத் தெரியும். அவன் எழுந்து நின்று, "ஐயா உள்ளதான்மா இருக்காரு" என்றான்.

ஒருநாள் அவளுடைய தூரத்து ரூட் பஸ்ஸில் அண்ணி ஏறினாள். உறவில் யாரையோ பார்க்கப் போகிறாளாம். கூட்டம் குறைந்ததும் கண்டக்டரம்மா பக்கத்தில் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பேரனை அங்கதான் சேத்திருக்கோம், ஒண்ணாவதுல" என்றாள் அண்ணி. "அவருதான் கூட்டிக்கிட்டுப் போயி சேத்தாரு."

"ம்."

"இன்னும் உம்மேல கோவமாத்தான் இருக்காரு."

"நானுந்தான் அண்ணி இருக்கேன். அவரு மேலயும் இருக்கேன், எல்லாரு மேலயும் இருக்கேன். மாடி இன்னும் ஏறல. கொழாயில தண்ணி ஒரு நாள் வருது, ஒரு நாள் வரல. எனக்கு லீவு கெடைக்கறதே அபூர்வம். பேரன் படிக்கிறான்ல, அவரைப் போயி ஆபீசுல கேக்கச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க."

அண்ணி அவளை ஏறிட்டுப் பார்த்தாள்.

"நீ சொன்னேன்னு சொன்னாத்தான்டி போவாரு" என்றாள்.